பிழை இருந்தால் எழுதவும்

அந்த ஒரு வரியை நான் எழுதாமல் இருந்திருக்கலாம். பிழை இருந்தால் எழுதவும், திருத்தித் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே, சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் முகவரி. நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமின் டிஸ்கைப் போட்டதும் முதலில் படிக்க வேண்டிய கோப்பில் அதை எழுதிவிட்டு, ஊருக்கு ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்ட நினைப்பில் நிம்மதியாக இருந்தேன்.

புரோகிராம் சின்னதுதான். எண்பதுகளின் நடுப்பகுதி அது, ஷென்டன் வேயில் ஒரு கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. புது இயந்திரங்கள் வந்தபோது பழைய பி.சி. ஒன்றை எனக்குத் தந்தார்கள். பச்சை எழுத்துத் திரை, டிஸ்க் போட இரண்டு வாய், ஓயாமல் இரைகிற மின்விசிறி. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்த நாளிலிருந்து நானும் அம்மாவும் மடியில் தட்டை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம். அம்மா சும்மா இருப்பாரா?

"இவ்ளோ பெரிய பெட்டி. அடுத்த வருஷம் ஈஸ்டர் எப்ப வருதுன்னு சொல்லுமா?" என்று கேட்டார்.

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. ஈஸ்டர் தேதியைக் கணக்கிட நிலா வேண்டும். நிலாவுக்காக நூலகத்தில் ஒரு வானியல் புத்தகம் எடுத்தேன். நிலா வந்ததும் சூரியன் உதிக்கும் நேரத்தையும் போடலாமே என்று தோன்றியது. சூரியன் வந்ததும் செவ்வாயும் வியாழனும் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தன, அவற்றை மட்டும் விடுவானேன்? ஆறு மாதத்தில், தேதியும் நேரமும் இடமும் கொடுத்தால் வானத்தில் எது எங்கே இருக்கிறது, கிழக்கு அடிவானத்தில் எது எழுகிறது என்று சொல்லும் புரோகிராம் ஒன்று என்னிடம் இருந்தது. ஈஸ்டர் தேதியும் சொல்லும். அம்மா அதை மாதா கோயில் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "காலண்டர்லயே இருக்கே, இதுக்கா ஆறு மாசம்?" என்றார்.

வீட்டில் மரியாதை இல்லாவிட்டால் வெளியே தேட வேண்டியதுதான். சனிக்கிழமை மதியங்களில் சமூக மன்றத்தின் ஓர் அறையில் பி.சி. வைத்திருப்பவர்கள் கூடுவோம். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் உண்டு. ஆளாளுக்கு எழுதியதை டிஸ்கில் கொண்டுவந்து இலவசமாகக் கொடுப்பார்கள், வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். அங்கே என் டிஸ்கையும் வைத்தேன். ஓடுகிற புரோகிராமோடு, நான் கைப்பட எழுதிய மூல வரிகளையும் அப்படியே கொடுத்தேன். அந்த வரிகளை இயந்திரத்துக்குப் புரிகிறபடி மாற்றுவதைக் கம்பைல் செய்வது என்போம். விருப்பப்பட்டவர்கள் மாற்றி, கம்பைல் செய்து, இன்னும் நன்றாக ஆக்கிக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம். என்ன பெரிய மனசு பாருங்கள்.

எழுதச் சொன்னேன் அல்லவா, எழுதினார்கள். அடேயப்பா, என்னமாய் எழுதினார்கள். ஒருவர் "உங்கள் புரோகிராம் என் வீட்டில் கம்பைல் ஆகவில்லை" என்று ஒரே வரி எழுதியிருந்தார். எந்தக் கம்பைலர், எந்த வரியில் நின்றது, ஒன்றும் கிடையாது. நான் என்ன, குறி சொல்கிறவளா? இன்னொருவர் நாற்பது எரர் வந்திருப்பதாகப் பக்கம் பக்கமாக அச்சடித்து அனுப்பியிருந்தார். அவர் வரிகளைக் கையால் தட்டச்சு செய்தபோது ஓர் அடைப்புக்குறியை விட்டிருந்தார், அவ்வளவுதான். மூன்றாமவர் என் கணக்கை இருமடங்கு வேகமாக்கிவிட்டதாக ஒரு டிஸ்கை அனுப்பினார். தபால்காரர் அதை இரண்டாக மடித்துப் பெட்டிக்குள் திணித்திருந்தார். ஓசியில் போட்ட சோற்றில் உப்பில்லை என்று வீடு தேடி வந்து சொல்வது போலிருந்தது எனக்கு. இருந்தாலும் ஒவ்வொன்றையும் படித்தேன். திருத்தியதும் கடிதத்தின் மூலையில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டு, காலி பிஸ்கட் டின்னில் வைத்துவிடுவேன்.

அந்தக் கூட்டத்தில் கிராஞ்சிக்காரரும் ஒருவர். ஆர்க்கிட் தோட்டம் ஒன்றில் மேற்பார்வையாளர். தோட்டத்து ஆபீஸில் ஒரு பி.சி. இருந்ததாம். தமிழில் எழுதியிருந்தார்: "உங்கள் புரோகிராம்படி கிராஞ்சியில் சூரியன் ராத்திரி ஒன்பது மணிக்கு உதிக்கிறது. நாங்கள் அப்போது தூங்கிவிடுவதால் பார்த்ததில்லை."

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மனுஷர் தீர்க்கரேகையைக் கொடுக்கும்போது கிழக்குக்குப் பதில் மேற்கு என்று போட்டிருக்கிறார். கிழக்கு எது மேற்கு எது என்று தெரிந்துகொண்டு பிறகு எழுதவும் என்று ஒரு போஸ்ட்கார்டில் பதில் போட்டேன். தோட்டக்காரருக்கு என்ன கம்ப்யூட்டர் வேண்டிக்கிடக்கிறது என்று அம்மாவிடமும் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சில மாதங்கள் போன பின் வந்த கடிதங்கள்தான் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நவாம்சம் நன்றாக வருகிறது. ஆனால் மாந்தியைக் காணோம்" என்று ஒருவர் எழுதினார். யார் இந்த மாந்தி? என் டிஸ்கில் யாரையும் நான் தொலைக்கவில்லையே. "தசா புத்தி இன்னும் விளக்கமாக இருக்கலாம்" என்றார் இன்னொருவர். வேறு யாருக்கோ போக வேண்டிய தபால் எனக்கு வருகிறது என்றே நினைத்தேன். ஆனால் உறையில் என் பெயரும் முகவரியும் அச்சுப் பிசகாமல் இருந்தன. ஆபீஸில் கூட வேலை பார்த்த பெண்ணிடம் நவாம்சம் என்றால் என்ன என்று கேட்டேன். அவள் காப்பி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி, உனக்கும் ஜாதகம் பாக்குறாங்களா? நீங்க வேதக்காரங்கதானே?"

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. என் கல்யாணப் பேச்சை எங்கள் வீட்டில் விட்டு வெகுநாளாகியிருந்தது.

கடைசியில் ஒரு கடிதம் வழி காட்டியது. சிராங்கூன் ரோட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை ஒன்றின் பெயரைச் சொல்லி, அங்கே உங்கள் ஜாதகப் புரோகிராமைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தது. என்னுடைய ஜாதகப் புரோகிராமா? அடுத்த சனிக்கிழமையே தேக்காவில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன்.

கடையில் மாதிரிப் பத்திரிகைகளுக்கு நடுவே ஒரு பி.சி. இருந்தது. எதிரே நாலைந்து பேர், ஆளுக்கொரு பிறப்புச் சான்றிதழோடு நின்றிருந்தார்கள். திரையில் பன்னிரண்டு கட்டம். அதற்குக் கீழே, இவை அனைத்தையும் எழுதியவர் என்று என் பெயர், என் வீட்டு முகவரி, பிழை இருந்தால் எழுதவும் என்ற அந்த வரி.

"அந்த அக்கா நீங்களா?" என்று கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "உக்காருங்கக்கா. உங்க புரோகிராம் சூப்பர் லா. நம்மகிட்ட பத்திரிகை அடிக்கிறவங்களுக்கு ஃப்ரீயா போட்டுக் குடுக்கிறேன்."

"இத நான் எழுதலீங்க. நான் எழுதுனது சூரியன், நிலா, அவ்ளோதான். இந்தக் கட்டமெல்லாம் யாரு போட்டது?"

"யாரோ ஒருத்தர் டிஸ்க் கொண்டாந்து குடுத்தாரு. அவரு பேர் போட்டுக்கல. கேட்டா, கொஞ்சம்தான் சேத்தேன், கஷ்டப்பட்டது அந்த அம்மாதான், அவங்க பேர்தான் இருக்கணும்னாரு. நல்ல மனுஷன்."

நல்ல மனுஷன்தான். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வானத்தை எடுத்து, மேலே ராசியும் லக்னமும் தோஷமும் கட்டி, பணிவாக என் தலையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த டிஸ்கை மூல வரிகளோடு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஜெபமாலையைக் கையிலெடுத்துக்கொண்டார்.

"ஞானஸ்நானம் வாங்கின கையால ஜாதகம் எழுதுறியா? ஃபாதர் காதுக்குப் போனா என் மூஞ்சிய எங்க வைப்பேன்?"

"நான் எழுதலம்மா."

"பின்ன யாரு பேர் போட்டிருக்கு?"

நான் பி.சி.யின் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

அந்த வாரத்தில்தான் ஈசூனிலிருந்து கடிதம் வந்தது. நீல மையில், கோடு போட்டது போன்ற நேரான கையெழுத்து. அதை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. "பிழை இருந்தால் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். இது பிழையா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வயது இருபத்தொன்பது. நான் பிறந்தபோது நோட்டில் எழுதிய ஜாதகத்தில் துலா லக்னம், எட்டாம் இடத்தில் செவ்வாய். அதனால் வந்த வரன்கள் எல்லாம் திரும்பிப் போயின. போன மாதம் சிராங்கூன் ரோட்டில் கம்ப்யூட்டரில் போட்டதில் கன்னி லக்னம், செவ்வாய் ஒன்பதில், தோஷம் இல்லை என்று வந்தது. அதைக் காட்டித்தான் ஓர் இடத்தில் நிச்சயம் ஆகியிருக்கிறது. இன்னும் ஆறு வாரத்தில் கல்யாணம். இரண்டில் எது சரி என்று சொல்லுங்கள். அவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை."

பிறந்த நாள், நேரம், நோட்டுக் கட்டத்தின் நகல் எல்லாம் ஒழுங்காக இணைத்திருந்தாள். எனக்கு வந்த கடிதங்களிலேயே, ஒரு பிழையை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொன்ன கடிதம் அது ஒன்றுதான். ஆனால் கடைசியில் கிரேன் எதற்கு வந்தது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஆபீஸ் தோழியிடம் காட்டினேன். அவள் இந்தத் தடவை கேலி செய்யவில்லை.

"எட்டுல செவ்வாய் இருந்தா புருஷன் உயிருக்கு ஆகாதும்பாங்க. அந்தப் பொண்ணு தனக்காகக் கேக்கலடி. அந்த ஆளு மேல இருந்து விழுந்துடுவாரோன்னு பயப்படுது."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எங்கேயோ போய்க்கொண்டிருக்கிற ஒரு சிவப்புக் கிரகத்துக்கும் துறைமுகத்துக் கிரேனுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் எது சரி என்று கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் வரிகளை முதலிலிருந்து படித்தேன். நூலகப் புத்தகத்தோடு ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தேன். கம்பைல் செய்தேன், அவள் விவரங்களைப் போட்டேன்: கன்னி. மறுபடி செய்தேன்: கன்னி. அன்றைய தேதியைப் போட்டு ஜன்னல் வழியே சூரியனைப் பார்த்தேன், நிமிஷம் பிசகவில்லை. அப்படியானால் நோட்டுதான் தப்பு. ஆனால் அந்த நோட்டு எழுதியவர் அவ்வளவு கவனமாகப் பாகை கலை எல்லாம் போட்டிருந்தார், தப்பு செய்கிற கை மாதிரி தெரியவில்லை. இரண்டும் சரியாக இருக்க முடியாது, இரண்டிலும் குறை சொல்ல இடமில்லை. மண்டை காய்ந்துபோனது.

அப்போதுதான் கிராஞ்சிக்காரரின் இரண்டாவது கடிதம் வந்தது. "கிழக்கைக் கண்டுபிடித்துவிட்டேன், நன்றி" என்று ஆரம்பித்தது. எனக்கு நன்றாக வேண்டும். தோட்டத்து நிழல் வலையைத் திறக்க, சூரியன் வரும் நேரத்தைப் பல வருஷமாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறாராம். அதை என் புரோகிராமோடு வரி வரியாக ஒப்பிட்டிருக்கிறார். "கடந்த சில வருஷங்களுக்கு உங்கள் கணக்கு பிரமாதம். ஆனால் எழுபதுகளில் எந்தத் தேதியை எடுத்தாலும் நீங்கள் அரை மணி பிந்திச் சொல்கிறீர்கள். என் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் குறித்தவை இரண்டு மூன்று இருக்கின்றன, அவற்றில் நீங்கள் முந்திச் சொல்கிறீர்கள். சூரியன் மாறியிருக்காது. கடிகாரத்தைப் பாருங்கள்."

"அம்மா, எண்பத்திரண்டு புத்தாண்டுக்கு என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா?" என்று கத்தினேன்.

"எது, கடிகாரத்தத் தள்ளி வச்சதா? மறக்குமா? அரை மணி தூக்கம் போச்சு. எல்லாரும் கொட்டாவி விட்டுக்கிட்டுப் பூசை பாத்தோம்."

அந்த வருஷத் தொடக்கத்தில் சிங்கப்பூர் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினோம். அதற்கு முன்னால் கிரீன்விச்சுக்கும் நமக்கும் ஏழரை மணி நேர வித்தியாசம், அதற்குப் பிறகு எட்டு. ஜப்பானியர் இருந்தபோது தோக்கியோ நேரப்படி ஒன்பது. நான் தள்ளிய கடிகாரம் அதே சுவரில் அதே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் புரோகிராமில் சிங்கப்பூர் என்றால் எட்டு என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டேன். சிங்கப்பூர் உண்டான நாளிலிருந்து எட்டுதான் என்பது போல. அந்தக் கட்டங்களைச் சேர்த்த நல்ல மனுஷனும் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எட்டை அழித்து ஏழரை போட்டேன். கம்பைல் செய்தேன். துலாம் வந்தது. செவ்வாய் எட்டில் போய் உட்கார்ந்தது. பிறந்த நேரத்தை ஐந்து நிமிஷம் முன்னால் தள்ளினேன், பின்னால் தள்ளினேன், பத்து நிமிஷமும் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை, துலாம்தான்.

இப்போது என்ன செய்வது? எனக்கு இதில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. ஒரு வரி எழுதினால் போதும்: புரோகிராம் சரி, நோட்டுதான் தப்பு. அவள் நிம்மதியாகத் தாலி கட்டிக்கொள்வாள். ஆனால் பிழை என் கையில் இருக்கிறது, அதைச் சொல் என்று கேட்டவளும் நானே எழுதச் சொல்லி எழுதியவள். மூன்று பதில் எழுதி மூன்றையும் கிழித்தேன். எது பொய், எது பாவம் என்றே எனக்குக் குழம்பிவிட்டது. நேரில் போனால் வாய்க்கு ஏதாவது வரும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினேன். எம்.ஆர்.டி. ரயில் ஈசூனுக்கு வராத காலம். இரண்டு பஸ் மாறி, வழியெல்லாம் அந்த ஒரு வரியையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். புரோகிராம் சரி, நோட்டுதான் தப்பு.

வீட்டில் அப்பா இருக்கிறார் என்று அவள் என்னைக் கீழே, அடுக்குமாடிப் புளோக்குக்கு அடியில் இருந்த கல் மேசைக்கு அழைத்து வந்தாள். ஒல்லியான பெண். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது.

"நீங்க நேர்ல வருவீங்கன்னு நினைக்கலக்கா."

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். உன் லெட்டரப் பாத்தேன்மா. புரோகிராம் சரியாத்தான் இருக்கு. நோட்டுதான்..."

"சரியா இருந்தா ரெண்டு வரி எழுதிப் போட்டிருப்பீங்க," என்றாள் அவள். "இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்திருக்க மாட்டீங்க."

அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. சொல்லுங்க என்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணிக் கதையை முழுக்கச் சொன்னேன். கிராஞ்சி நோட்டு, கடிகாரம், எட்டு, ஏழரை. அவள் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நர்ஸ் கொஞ்சம் முன்னப்பின்ன மணி பாத்திருந்தா? அத டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன். பத்து நிமிஷம் வரைக்கும் தள்ளிப் பாத்துட்டேன்."

"மாறலையா?"

"மாறல."

அவள் தலையாட்டினாள். எனக்குத் தாங்கவில்லை.

"இதெல்லாம் சும்மாம்மா. நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்கு இதுல நம்பிக்கையே இல்ல. யாரோ போட்ட கட்டத்துக்காக வாழ்க்கைய விடுவியா? அந்தக் காகிதத்தையே வச்சுக்க. யாருக்கும் தெரியாது."

"உங்களுக்கு நம்பிக்கை இல்லக்கா. எனக்கு இருக்கே."

"அவருகிட்டக் கேட்டியா?"

"அவருக்கும் இல்லையாம். நான் சொன்னா சிரிக்கிறாரு. தினம் அந்த உசரத்துல ஏறிட்டுச் சிரிக்கிறாரு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அவரு வேலைக்குப் போனா வீடு திரும்புற வரைக்கும் நான் எப்படி உக்காந்திருப்பேன்னு யோசிச்சுப் பாருங்க. நல்லவருக்கா. ரொம்ப நல்லவரு."

பக்கத்து மேசையில் இரண்டு சீனத் தாத்தாக்கள் சதுரங்கக் காயைத் தட்டித் தட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்வதாகச் சொன்னாள். முடிந்து வரும் சர்க்யூட் போர்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது அவள் வேலை.

"தப்பு தெரிஞ்ச போர்டுல சரின்னு பச்சை ஸ்டிக்கர் ஒட்ட எனக்குக் கை வராது லா."

"அது போர்டும்மா. இது உன் வாழ்க்கை."

"அதனாலதான்க்கா."

எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். புது டிஸ்கை எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டாள். உன் கல்யாணம் முடிந்த பிறகு என்று சொன்னேன், அந்தளவுக்குத்தான் என்னால் முடிந்தது. "அதுவரைக்கும் அந்தக் கடைல எத்தன பேருக்குத் தப்பா போகும்?" என்றாள். இல்லாத தோஷத்தை இருப்பதாகவும் அது சொல்லியிருக்கும் அல்லவா. எனக்கு அது உறைக்கவே இல்லை. யாரோ ஒரு பெண் இந்நேரம் என் அரை மணியால் வரனை இழந்திருக்கலாம்.

அந்த வாரமே திருத்தினேன். பிறந்த வருஷத்தைப் பார்த்து ஏழரையா, எட்டா, ஒன்பதா என்று புரோகிராமே எடுத்துக்கொள்ளும்படி எழுதினேன். டிஸ்கைச் சமூக மன்றத்தில் வைத்தேன். கடைக்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டேன். அங்கே ஜாதகம் போட்டவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். எதற்கக்கா பெரிது பண்ணுகிறீர்கள் என்றார். நான் போட்ட சத்தத்தில் எல்லோரையும் கூப்பிட்டார். கிராஞ்சிக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் கடிதத்துக்கு டிக் போட்டேன். அவர் ஒரு ஆர்க்கிட் தொட்டியை அனுப்பிவைத்தார், கிழக்கு ஜன்னலில் வைக்கவும் என்ற குறிப்போடு.

மூன்று வாரம் கழித்து நீல மையில் கடைசிக் கடிதம் வந்தது. பிரிக்கும்போதே அம்மா பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் சொல்லியிருந்தேன், அந்தப் பெண்ணுக்காக அவரும் ஜெபம் செய்துகொண்டுதான் இருந்தார்.

"புதிய டிஸ்கைக் கடையில் பார்த்தேன். என் விவரங்களைப் போட்டதில் நோட்டில் உள்ளபடியே வருகிறது. அவரிடம் நானே சொல்லி, கல்யாணத்தை நிறுத்திவிட்டேன். அவர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அப்பாதான் இன்னும் பேசவில்லை. அச்செடுக்கும்போது பத்தாவது வரி மட்டும் ஓர் எழுத்து தள்ளி விழுகிறது, அதைப் பாருங்கள். மற்றபடி பிழை எதுவும் இல்லை. உங்களுக்கு நன்றி."

அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பி.சி.யைப் போட்டேன். பத்தாவது வரியில் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தது, அவள் சொன்னது சரி. அதை எடுத்துவிட்டுக் கம்பைல் செய்தேன். ஓர் எரர் கூட வரவில்லை. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அந்தக் கடிதத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

பிஸ்கட் டின் இன்னும் என்னிடம் இருக்கிறது. டிக் இல்லாத கடிதம் அதில் அது ஒன்றுதான்.